குனிந்த தலைக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடிக் கடையில் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் உட்காருகிறோம். முதுகு நிமிர்ந்திருக்கும், முகம் நேரே பார்க்கும். கடைக்காரர் ஃபிரேமை மாட்டிவிட்டு, கருமணி எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து டம்மி லென்ஸில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பார். லென்ஸின் மையம் எங்கே வர வேண்டும் என்பதை அந்தப் புள்ளிதான் முடிவு செய்கிறது. ஆபீஸுக்கும் டிவிக்கும் பஸ் பயணத்துக்கும் இந்த அளவு போதும். ரேஸ் சைக்கிளில் ஏறி ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தால் கணக்கு மாறிவிடுகிறது. உடம்பு முன்னால் சாய்கிறது, தலை தாழ்கிறது, சாலையைப் பார்க்கக் கண் மட்டும் மேலே ஏறுகிறது. அப்போது பார்வை போவது லென்ஸின் மேல் ஓரம் வழியாக. கொஞ்சம் வியர்த்து ஃபிரேம் மூக்கில் வழுக்கிவிட்டால் அந்த ஓரமும் கைவிட்டுவிடும். ஃபிரேமின் மேல்விளிம்பு சாலைக்குக் குறுக்கே நிற்கும். அதற்கு மேலே பவரில்லாத வெறும் கண்.

ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆர். சாலையில் நின்றால் பவர் கண்ணாடியோடு சைக்கிள் மிதிப்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்க்கலாம். மெரினாவிலும் கோவை ரேஸ்கோர்ஸிலும் ஓடுபவர்களிலும் அப்படித்தான். ஷூ வாங்க மாதக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், கண்ணாடி என்று வரும்போது வேலைக்குப் போடுவதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். "பழகின ரோடுதானே சார்" என்பார்கள். மைனஸ் 2 பவர் உள்ளவருக்கு அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாகத் தெரியாது. தன் முன்சக்கரம் தொடும் தார்ச்சாலையே அவருக்கு மங்கல்தான். அந்த நிலையில் பழகின ரோட்டில் நேற்று ராத்திரி தோண்டிய பள்ளம் எப்படித் தெரியும்?

கண்ணாடி போட்டவர்களால் வேகமாகப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1968இல் டூர் டி பிரான்ஸை வென்ற நெதர்லாந்து வீரர் யான் யான்சன் கண்ணாடிக்காரர். 1983, 1984 இரண்டு ஆண்டுகளும் வென்ற பிரெஞ்சு வீரர் லோரான் ஃபீன்யோன் உலோகக் கம்பி ஃபிரேமில் வட்டக் கண்ணாடி போட்டிருந்தார். 'புரொபசர்' என்றே அவரை அழைத்தார்கள். 1989இல் அதே ஃபீன்யோன் வெறும் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது கிரெக் லெமாண்ட் என்ற அமெரிக்கரிடம். முகத்தை மூடும் அகலமான ஓக்லி கண்ணாடிகளை சைக்கிள் பந்தயத்தில் பிரபலமாக்கியவர்களில் அந்த லெமாண்ட் முக்கியமானவர். அதன் பிறகு முகத்தைச் சுற்றி வளைந்த ஒற்றைத் தகடுதான் சைக்கிள் கண்ணாடி என்றாகிவிட்டது. காற்றையும் தூசியையும் பூச்சியையும் அது நன்றாகவே தடுக்கிறது. பவர் உள்ளவர்களுக்குச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

சாதாரண ஃபிரேமுக்கான லென்ஸ் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். சுற்றி வளைந்த ஸ்போர்ட்ஸ் ஃபிரேமுக்கு, கடைக்காரர்கள் சொல்கிற '8 பேஸ்' அளவுக்கு வளைவான லென்ஸ் வேண்டும். அது கண்ணுக்கு நேராக நிற்காமல், காதுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பவர் லென்ஸைச் சாய்த்தால் அதன் பவரே மாறிவிடும். மைனஸ் 4 லென்ஸை 20 டிகிரி சாய்த்து வைத்தால் கண்ணுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 4.15 ஆகிறது. கூடவே, டாக்டர் எழுதாத சிலிண்டர் பவர் அரைக்கும் சற்று மேலே சேர்ந்துகொள்கிறது. தரை ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் தெரிவதும், அரை மணி நேரத்தில் நெற்றி வலிப்பதும் இதனால்தான். மைனஸ் 2 வரை இந்தக் கோளாறு பாதிதான், பலர் பழகிக்கொள்வார்கள். மைனஸ் 4ஐத் தாண்டினால் வெறுமனே பழகிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. ஃப்ரீஃபார்ம் முறையில் லென்ஸ் தேய்க்கும் லேப்கள் இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துப் பவரைத் திருத்தித் தருகின்றன. அதற்கு மூன்று அளவுகள் அவர்களுக்குத் தேவை: ஃபிரேம் முகத்தைச் சுற்றி எத்தனை டிகிரி வளைகிறது, மேலிருந்து கீழாக எவ்வளவு சாய்கிறது, லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர். இந்த மூன்றையும் அளக்காமல் "அதெல்லாம் போட்டுடலாம் சார்" என்று ஆர்டர் எடுக்கும் கடையில் வளைந்த ஃபிரேம் வாங்காதீர்கள். திருத்திய லென்ஸை மெஷினில் வைத்துப் பார்த்தால் சீட்டில் உள்ள பவரிலிருந்து கொஞ்சம் விலகித்தான் காட்டும். அதைப் பார்த்துத் தப்பு நடந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம். நல்ல லேப் திருத்திய பவரையும் லென்ஸ் கவரில் எழுதித் தரும்.

இன்னொரு வழி, பவரில்லாத வளைந்த கண்ணாடிக்கு உள்ளே மாட்டும் சிறிய பவர் ஃபிரேம். கிளிப் என்றும் இன்சர்ட் என்றும் கேட்டால் கடையில் தெரியும். செலவு குறைவு. பவர் மாறினால் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். வெளித்தகட்டை வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு அடுக்குக்கு நடுவே ஆவி படியும். சென்னை சிக்னலில் ஒரு நிமிஷம் நின்றால் உங்களுக்கே தெரியும். இமை முடி லென்ஸில் உரசும். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் பவர் பாதியில் முடிந்துபோகும். பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்க வேண்டிய சாலையில் இது சின்னக் குறை இல்லை. எனக்கு இன்சர்ட்டில் முழு நம்பிக்கை கிடையாது. அதிக ஈரப்பதம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு, வேகத்துக்காக இல்லாமல் தூரத்துக்காக மிதிப்பவர்களுக்கு அது சரிவரும்.

மைனஸ் 6, 7 என்று போகிறவர்களுக்கு, கண் டாக்டர் சம்மதித்தால், தினமும் தூக்கி எறியும் வகை கான்டாக்ட் லென்ஸும் அதன்மேல் பவரில்லாத வளைந்த கண்ணாடியும்தான் நல்லது என்பது என் கருத்து. பார்வை முழுதாக விரியும், ஓரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. மாரத்தானில் வழியில் தரும் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அது கூடாது. குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கருவிழியையே புண்ணாக்கிவிடும், பார்வையும் போகலாம். தண்ணீரைப் பிடரியில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் எதில் செய்யப்பட்டது என்பதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. கீழே விழும்போது கண்ணுக்கு அரை அங்குலத்தில் இருக்கிற பொருள் அது. மினரல் கண்ணாடி வேண்டவே வேண்டாம். கடைகளில் சாதாரணமாகத் தரும் சி.ஆர். 39 பிளாஸ்டிக்கில் பார்வை மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் பலமான அடியைத் தாங்காது. பாலிகார்பனேட் தாங்கும், எடை குறைவு, புற ஊதாக் கதிரையும் தானே தடுக்கும். அதன் குறை வேறு: ஓரம் வழியாகப் பார்த்தால் நிறம் பிரியும். மைனஸ் 5 உள்ளவர் பாலிகார்பனேட் போட்டுக்கொண்டு விடியுமுன் குனிந்து மிதித்தால் தெருவிளக்கின் ஒரு பக்கத்தில் நீலக் கோடும் மறுபக்கத்தில் செம்மஞ்சள் கோடும் தெரியும். முதலில் சொன்ன குனிந்த தலையின் விளைவுதான் இதுவும். டிரைவெக்ஸ் என்ற லென்ஸும் அடி தாங்கும், பாலிகார்பனேட்டைவிட இன்னும் லேசு, நிறம் பிரிவதும் குறைவு. எல்லாக் கடையிலும் கையிருப்பு இருக்காது, விலையும் அதிகம். பவர் அதிகம் உள்ளவர்கள் கேட்டு வரவழைத்துப் போடலாம். "மெல்லிசா இருக்கும்" என்று 1.74 இண்டெக்ஸ் லென்ஸை நீட்டினால் விளையாட்டுக்கு மறுத்துவிடுங்கள்.

ஓடுகிறவர்களின் கதை வேறு. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு தொல்லையே அல்ல. வியர்வையும் குதிப்பும்தான் தொல்லை. முகத்தோடு ஒட்டிய வளைந்த ஃபிரேம் ஓட்டத்தில் புழுங்கி ஆவி பிடிக்கும். ஓட்டத்துக்கு லேசான, காற்றுப் போகிற ஃபிரேம் வேண்டும்; மூக்குத் தாங்கி வளைத்துச் சரிசெய்யும் ரப்பராக இருக்க வேண்டும்; காதுத் தண்டின் நுனியிலும் ரப்பர் வேண்டும். கடையில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே குதியுங்கள், கீழே குனிந்து தலையை ஆட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக் மாரத்தானில் ஜப்பானின் நவோகோ தகஹாஷி 35ஆவது கிலோமீட்டரை ஒட்டித் தன் கூலிங் கிளாஸைக் கழற்றி எறிந்துவிட்டு வேகமெடுத்து 2 மணி 23 நிமிடம் 14 விநாடியில் தங்கம் வென்றார். கடைசிக் கட்டத்தில் சில கிராம்கூடச் சுமையாகிவிடும். பவர் கண்ணாடியைக் கழற்றி எறிய முடியாது என்பதால் நமக்கு அது முதல் அடியிலேயே சரியாக உட்கார வேண்டும்.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புரோகிரஸிவ் லென்ஸின் கீழ்ப்பகுதி படிப்பதற்கான பவர். ஓடும்போது காலடியில் இரண்டடி தள்ளித் தரையைப் பார்ப்பது அந்தப் பகுதி வழியாகத்தான். நடைபாதையில் பெயர்ந்த ஸ்லாபின் விளிம்பு மங்கிவிடும், அதன் உயரமும் மாறித் தெரியும். ஓடுவதற்குத் தூரப்பார்வைப் பவர் மட்டும் உள்ள லென்ஸ்தான் பாதுகாப்பு. கைக்கடிகாரத்தின் எழுத்து தெரியவில்லையே என்றால் திரையில் பெரிய எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் தேர்ந்தெடுப்பது அத்தனை கடினமில்லை. நாம் ஓடுவதும் மிதிப்பதும் பெரும்பாலும் இருட்டில் ஆரம்பித்து வெயிலில் முடிகிறது. 'கேட்டகரி 3' என்று குறித்த லென்ஸ் 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். காலை ஐந்து மணிக்கு அது ஆபத்து. வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் வசதிதான், ஆனால் சூடு ஏற ஏற அது கறுப்பது குறையும். ஊட்டியில் நன்றாகக் கறுக்கிற அதே லென்ஸ் மே மாதச் சென்னையில் அரைகுறையாகத்தான் நிற்கும். சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது தெளியவும் சில நிமிஷம் எடுக்கும். போலரைஸ்டு லென்ஸ் எதிரொளிக் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் சில சைக்கிள் கம்ப்யூட்டர்களின் திரை அதன் வழியாகக் கறுப்பாகிவிடும். எதை வாங்கினாலும் புற ஊதாக் கதிரை 400 நானோமீட்டர் வரை தடுக்கிறதா என்று கேளுங்கள். வெறும் கறுப்புச் சாயம் பாதுகாப்பு ஆகாது. வெயிலிலும் தூசியிலும் உழைப்பவர்களின் கண்ணில் சதை வளர்வதை நாம் பார்த்திருக்கிறோம். பவர் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

கண்ணாடியை ராத்திரி ஏ.சி. அறையில் வைத்திருந்தால் காலையில் வெளியே வந்ததும் முழுக்க ஆவி படியும். ஹாலிலேயே வையுங்கள். ஓடி முடித்ததும் பனியன் நுனியால் துடைக்காதீர்கள்; காய்ந்த உப்பும் தூசியும் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் குழாயில் காட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்டு விரலால் தேய்த்து, அலசி, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கார் டாஷ்போர்டில் வெயிலில் விட்டால் கோட்டிங் வெடிக்கும்.

ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் தனித்தனியாக வாங்க எல்லோராலும் முடியாது. ஒன்றுதான் முடியும் என்றால், மேல்விளிம்பு இல்லாத, மிதமான வளைவுள்ள ஃபிரேம். பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ். தூரப்பார்வைப் பவர் மட்டும். நிறமில்லாத லென்ஸ் அல்லது போட்டோகுரோமிக். மேல்விளிம்பு இல்லாததுதான் இதில் முக்கியம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அடுத்த வளைவை நீங்கள் பார்ப்பது அந்த இடம் வழியாகத்தான்.

பழைய சீட்டை வைத்து ஆர்டர் கொடுக்காமல் புதிதாகக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; சீட்டில் பி.டி. அளவையும், அதாவது இரண்டு கருமணிக்கும் இடையே உள்ள தூரத்தையும், எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அதை மாட்டிக்கொண்டு, காதுத் தண்டு ஹெல்மெட்டின் பின்பிடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு கவுன்டரின் விளிம்பை ஹேண்டில்பார் போலப் பிடித்துக் குனிந்து, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும் அந்த நிலையிலேயே இரண்டாவது புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே மையத்தை எங்கே வைப்பது என்று அனுபவமுள்ள கடைக்காரருக்குத் தெரியும். மறுக்கிறார் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.