இடத்தை மாத்து... மார்க்கை அள்ளு!

'எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது... ஆனா எதைத் தூக்கி எங்க வைக்கிறதுன்னுதான் தெரியலை!' பேங்க் தேர்வு எழுதுறவங்கள்ல இப்படிப் புலம்பாத ஆள் உண்டா? சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டீக்கடையானாலும் சரி, ராசிபுரம் பஸ்ஸானாலும் சரி, 'வேர்டு ஸ்வாப்' என்றாலே பலருக்கும் வயிற்றில் புளி கரைக்கும்.

விஷயம் இதுதான். ஒரு வாக்கியத்தில் நாலு வார்த்தைகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருப்பார்கள். இடம் மாறி உட்கார்ந்திருக்கும் ஜோடியைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். அவ்வளவுதான்!

ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு 40 விநாடி. தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும். நாலு தப்பு, ஒரு சரியான விடையை விழுங்கிவிடும். கணக்கில் நீங்கள் புலியாக இருந்தாலும், ஆங்கிலத்தில் தனி கட்-ஆஃப் தாண்டாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் தேர்வைத் தமிழ் உள்பட 13 மாநில மொழிகளில் நடத்த 2021 செப்டம்பர் 30-ல் நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. கணக்கையும் ரீசனிங்கையும் தமிழில் எழுதலாம், சரி. ஆங்கிலப் பகுதியை ஆங்கிலத்தில்தானே எழுதியாக வேண்டும்?

ஏன் நமக்குக் குழப்புது?

'பூனை எலியைத் துரத்தியது.' இதையே 'எலியைப் பூனை துரத்தியது' என்று சொல்லுங்கள். அர்த்தம் மாறவில்லை. காரணம், 'ஐ' என்ற உருபு எலியோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'கேட்' இருக்கும் இடத்தில் 'ரேட்' வந்தால், எலி பூனையைத் துரத்திவிடும்! அங்கே இடம்தான் இலக்கணம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒண்ணு பார்க்கலாமா?

'தி கவர்ன்மென்ட் ஹேஸ் கிராப்ஸ் (ஏ) ரிலீஃப் ஃபார் ஃபார்மர்ஸ் ஹூஸ் அனௌன்ஸ்டு (பி) வேர் டேமேஜ்டு (சி) பை ஹெவி (டி) ரெயின்.'

'ஹேஸ்' பக்கத்தில் இங்கே வினையின் மூன்றாம் வடிவம் வேண்டும். 'கிராப்ஸ்' பெயர்ச்சொல். ஆக, ஏ தப்பு. உடனே ஏ இல்லாத ஜோடிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். இனி ஏ-வுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியதுதான். மூன்றாம் வடிவத்தில் 'அனௌன்ஸ்டு', 'டேமேஜ்டு' என்று ரெண்டு பேர் நிற்கிறார்கள். 'ஹூஸ்' அடுத்து ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அங்கே தப்பாக உட்கார்ந்திருப்பது 'அனௌன்ஸ்டு'. விடை: ஏ-பி. அறிவித்தது அரசு, நாசமானது பயிர். அர்த்தமும் சரி!

சில கேள்விகளில் இலக்கணம் கைகொடுக்காது. 'தி லாங் ஃப்ளட் (ஏ) டிரைடு அப் தி லேக், பட் தி சடன் டிராட் (பி) ஃபில்டு (சி) தி ஸ்ட்ரீட்ஸ் (டி) வித் வாட்டர்.' ஏ, பி ரெண்டும் பெயர்ச்சொல்தான். ஆனால் வெள்ளம் ஏரியை வற்ற வைக்குமா? வறட்சி தெருவில் தண்ணீரை நிரப்புமா? இங்கேயும் ஏ-பி-தான் விடை.

மறக்கக் கூடாதவை

* முதலில் வாக்கியம் முழுவதையும் ஒரு தடவை படியுங்கள். இடறுகிற இடம்தான் தப்பு இருக்கும் இடம்.
* 'ஏன்', 'எ' பார்த்தால் உஷார். அடுத்த வார்த்தையின் முதல் ஒலி உயிரா, மெய்யா என்று காட்டிக்கொடுக்கும்.
* 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்', 'இன்ட்ரஸ்டட்' வந்தால் 'இன்' என்று ஜோடி பார்த்துப் பழகுங்கள்.
* மாற்றிய பிறகு ரெண்டு இடத்தையும் படித்துப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சரியானால் விடை தப்பு.
* 'மாற்றம் தேவையில்லை' என்ற விடையும் வரும். தப்பே இல்லாத இடத்தில் தோண்டாதீர்கள்.
* 40 விநாடியில் பிடிபடவில்லையா? அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.

பயிற்சிக்குப் பணம் செலவு செய்ய வேண்டாம். தினமும் ஆங்கிலப் பேப்பரில் பத்து வாக்கியம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ரெண்டு வார்த்தையை நீங்களே இடம் மாற்றி எழுதி நண்பனிடம் கொடுங்கள். அவன் எழுதியதை நீங்கள் வாங்குங்கள். கேள்வி தயாரிக்கத் தெரிந்தவனை எந்தக் கேள்வியும் ஏமாற்ற முடியாது. இன்னிக்கே ஆரம்பிங்க பாஸ்!