பெயரை விற்றுப் பொருளீட்டலாமா?

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அடுத்திருப்பது மட்டக்குளி. அங்கே பத்துப் பேர்ச் காணியை வாங்கி, வேலியடைத்து, விலையேறும்வரை காத்திருந்து விற்போரை நாம் அறிவோம். இன்றைய இளைஞர் சிலரோ மண்ணை விடுத்துப் பெயரை வாங்கிக் காத்திருக்கின்றனர். இணையத்தளம் ஒன்றின் விலாசமாக விளங்கும் ‘டொமைன்’ பெயரைச் சிறு தொகைக்குப் பதிந்து, பெருவிலைக்கு விற்பதே அவ்வியாபாரம். அது தொழிலா, சூதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆசையை மூட்டும் கதைகள் இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டில் ‘பிஸ்னஸ் டொட் கொம்’ என்னும் பெயர் 75 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2019ஆம் ஆண்டில் ‘வொய்ஸ் டொட் கொம்’ 3 கோடி டொலருக்குக் கைமாறிற்று. ஆயினும் இவை அகராதியில் முன்னிற்கும் ஆங்கிலச் சொற்கள். இணையத்தின் தொடக்க நாட்களிலேயே பதியப்பட்டவை. ‘பிஸ்னஸ்’ பெயரை விற்றவர்கூட வெறுங்கையோடு வந்தவரல்லர். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை இலட்சம் டொலர் கொடுத்தே அதனை வாங்கியிருந்தார். இன்று ஒரு மாணவன் பதியக்கூடியவை பிறர் வேண்டாமென விட்ட பெயர்களேயன்றோ?

காணிக்கும் பெயருக்கும் மற்றுமொரு வேற்றுமை உண்டு. காணிக்கு உறுதி எழுதினால் அது நமதாகும். பெயரோ குத்தகைப் பொருள். ஒரே முறையில் பத்து ஆண்டுகளுக்கு மேற் பதிய இயலாது. பெயரொன்றுக்கு ஆண்டுக்குப் பத்து டொலர் எனக் கொண்டால், நூறு பெயர்களை வைத்திருப்பவன் ஆண்டுதோறும் ஆயிரம் டொலர் செலுத்துதல் வேண்டும். வாங்குவோர் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை நிற்பதில்லை. தவணை தவறி நீக்கப்பட்ட ‘கொம்’ பெயரை மீட்க 30 நாள் அவகாசமுண்டு; அதற்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. பின்னர் ஐந்து நாளில் அது பொதுவாகிவிடும். நல்ல பெயராயின், அந்தக் கணத்திலேயே பெருவியாபாரிகளின் கணினிகள் அதனைப் பற்றிக்கொள்ளும்.

இவற்றினும் பெரிய இடர் சட்டமாகும். 1995ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர், திரைப்படக் கமராக்களுக்குப் பேர்பெற்ற பனவிஷன் நிறுவனத்தின் பெயரைத் தம் பேரிற் பதிந்தார். அத்தளத்திலே ‘பானா’ என்னும் ஊரின் படங்களை வைத்துவிட்டு, பெயரைக் கேட்டுவந்த நிறுவனத்திடம் 13,000 டொலர் கேட்டார். 1998ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே, இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கும் உலகப் பொதுவிதி வகுக்கப்பட்டது. வணிகப் பெயரொன்றை அதன் உரியவருக்கே அதிக விலைக்கு விற்கும் நோக்குடன் பதிதல், தீய எண்ணத்துக்குச் சான்று என்கின்றது அவ்விதி.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் ‘சிஃபி’ என்னும் புதுப்பெயரைப் படைத்து 1999இல் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம், ஆங்கில எழுத்தொன்றை இரட்டித்து, அதனையொத்த பெயரிலே தொழில் நடத்திற்று. 2004ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இணையப் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என அது தெளிவுபடுத்திற்று.

அவ்வாறாயின் பெயர் பதிதலே தவறா? அன்று, பொதுச் சொல்லைப் பதிந்து விற்பது குற்றமாகாது. நட்டத்தைத் தாங்கவல்லவர் செய்க. வீட்டுச் செலவுப் பணத்தையோ படிப்புக்கு வைத்த பணத்தையோ அதில் இடுதல் அறிவுடைமையன்று.

ஆனால் தன் பெயரைத் தானே பதிந்து காத்தல் ஒவ்வொருவருக்கும் நன்மை தருவது. நமது நாட்டுக்குரிய ‘எல்கே’ பதிவு 1990ஆம் ஆண்டிலே தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ எனத் தமிழிலேயே முடியும் விலாசத்துக்கும் அனுமதி கிடைத்தது. மட்டக்குளியில் மளிகைக்கடை நடத்துபவரும், பழைய மாணவர் சங்கத்தாரும் தத்தம் பெயரைப் பதிந்து வைக்கலாம். பதிவு, தளம் அமைத்துத் தருபவர் பேரில் அல்லாது தம் பேரிலேயே இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் திகதியும் நாட்குறிப்பில் ஏறவேண்டும்.

பெயருக்கு விலை எங்கிருந்து வருகின்றது? அதன் பின்னால் நிற்கும் உழைப்பிலிருந்தே வருகின்றது. பிறர் உழைப்பால் உயர்ந்த பெயரைப் பிடித்து வைப்பதினும், நம் உழைப்பால் ஒரு பெயரை உயர்த்துதல் மேலானது. இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.