முடிவுறாத பன்னிரண்டு அம்புகள்
1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘ஏட்சி’ என்னும் மனிதனின் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. முனையும் இறகும் பொருத்தப்பட்டவை இரண்டே, அவையும் முறிந்திருந்தன. எஞ்சியவை வெறும் தண்டுகள். இது பாதியில் நின்ற உற்பத்தி.

விபர்னம் புதரின் நேரான கிளையை வெட்டிப் பட்டை உரிப்பது எளிது. கடினமானது கீல். பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் படாமல் சூடேற்றினால்தான் அது வடியும். இல்லையேல் பட்டை எரிந்துவிடும். அந்தக் கீலால் சிக்கிமுக்கிக்கல் முனையை ஒட்டி, நூலால் இறுக்க வேண்டும். பின்முனையில் மூன்று இறகுகளையும் அவ்வாறே பொருத்த வேண்டும். அவையின்றி அம்பு நேர்செல்லாது.

அவனது யூ மர வில்லும் முற்றுப்பெறவில்லை. அவனுடைய இடத்தோளில் பிறர் எய்த அம்பின் கல்முனை புதைந்திருப்பது 2001இல்தான் தெரியவந்தது.