கையடக்கத் தொலைபேசியும் கொம்பெழுத்தும்

எமது உயர்தர வகுப்பிலே வாரந்தோறும் ஒரு மாணவன் தான் நன்கறிந்த பொருளொன்றைக் கால்மணி நேரம் தமிழில் விளக்குதல் வேண்டும் என்பது யான் ஏற்படுத்திய வழக்கம். ஒருநாள் ஒருவன் எழுந்து, "அண்ட்ரொய்ட் என்னும் பணிசெயல் முறைமை" எனக் கரும்பலகையில் எழுதினான். இப்பொருளை ஆங்கிலத்தின் துணையின்றி இவன் எங்ஙனம் சொல்லி முடிப்பான் என ஐயுற்றேன்.

அவனோ நமது துறைமுகத்தையே உவமையாகக் கொண்டான். துறைமுகம் புகும் கப்பல்கள் தத்தம் விருப்பப்படி நங்கூரமிடுவதில்லை. எது எங்கே நிற்பது, எது முன்னர்க் கரையணைவது என்பவற்றை வகுப்பதற்கு அதிகாரி ஒருவர் உளர். தொலைபேசியின் செயலிகளே கப்பல்கள். நினைவகம், திரை, கணிக்கும் நேரம் ஆகியவற்றைப் பங்கிட்டளிக்கும் அதிகாரியே பணிசெயல் முறைமை. ஒரு கப்பலின் சரக்கறையுள் மற்றொரு கப்பலார் புகலாகாது. அதுபோல ஒவ்வொரு செயலிக்கும் தனியெண் வழங்கி, ஒன்றன் தரவை மற்றொன்று தொடாவண்ணம் அண்ட்ரொய்ட் காக்கின்றது என்றான்.

2003 இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனத்தார் இதனைத் தொடங்கினர். 2005 இல் கூகிள் அதனை வாங்கியது. 2008 இல் முதற் கருவி விற்பனைக்கு வந்தது. இதன் கருவாயமைந்த லினக்ஸை 1991 இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நாளில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர். இதனைக் கேட்டதும் வகுப்பு நிமிர்ந்து அமர்ந்தது.

அப்போது வேறொருவன், "எங்கள் வீட்டுப் பழைய தொலைபேசியில் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னே நின்றது ஏன்?" என வினவினான். விடை என்னைக் கவர்ந்தது. எழுதும்போது கொம்பை முன்னே இடுகின்றோம். கணினியோ ககரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கின்றது. திரையில் வரையும்போது கொம்பை முன்னே நகர்த்தும் பணி தனியானது. அண்ட்ரொய்டின் தொடக்ககாலப் பதிப்புகளில் அப்பணி அமையவில்லை, பின்னரே அமைந்தது. 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலே தமிழும் சிங்களமும் கருவியின் மொழிகளாக ஒருங்கே இடம்பெற்றன.

மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலித்தல் உயிர்மெய்யின் இயல்பு என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கற்பிக்கும் விதியன்றோ! பொறி எழுத்தின் வடிவை விடுத்து ஒலியின் முறையைப் பின்பற்றுகின்றது. இத்தனை ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த யான் அதனை அன்று ஒரு மாணவனிடம் கற்றேன். கொம்பு இடம் மாறி நின்ற காலத்தில் தமிழ் மட்டுமே அறிந்த தாயொருத்தி தன் மகன் விடுத்த செய்தியை எத்துணை இடர்ப்பட்டுப் படித்திருப்பாள் எனவும் எண்ணினேன். அக்குறையை நீக்கியவர்கள் பொறியை மட்டுமன்றி எழுத்தையும் அறிந்தவர்கள்.

எனவே அறிவியல் பயிலும் மாணவர்காள், இலக்கணத்தைத் தேர்வுக்குரிய சுமையெனத் தள்ளாதீர்கள். கடல்கடந்து பொறியியற்றுறையில் விளங்கும் பழைய மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஊருக்கு வருங்கால் கால்மணி நேரம் எம் வகுப்பில் தமிழிலே பேசுங்கள். கரும்பலகை காத்திருக்கின்றது.