பட்டை உட்கார்ந்த வண்டி

எங்கள் குட்டியானை, அதாவது டாடா ஏஸ், பாரம் இல்லாமல் நிற்கும்போதே இடப்பக்கம் இறங்கியிருந்தது. முதலில் பார்த்தது என் வீட்டுக்காரி. "ஏங்க, வண்டி சாஞ்சுல்லா நிக்குது." டயரில் காற்றைச் சமப்படுத்தி, சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து பாடி விளிம்புவரை டேப் வைத்தேன். வலப்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை குறைவு. பின்பக்க வில்பட்டை உட்கார்ந்துவிட்டது.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது முக்கால் டன் வண்டி என்றுதான் வந்தது. புளியங்குடி எலுமிச்சையை அதற்கு மேலேயும் ஏற்றி சங்கரன்கோவிலுக்கு ஓட்டியிருக்கிறேன். பாரத்தில் நிமிர்ந்து, இறக்கியதும் பழையபடி வளைய வேண்டும். அதுதான் பட்டையின் வேலை. அளவு மீறி வருஷக்கணக்கில் நிமிர்த்தினால் எஃகு திரும்பாது. தாத்தா காலத்து வில்வண்டியிலும் இதே வில்தான். அன்றைக்கு வில்வண்டி என்றால் மதிப்பு. அதனால்தான் 1893-ல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட திருவிதாங்கூர்ச் சாலையில் வில்வண்டி ஏறிப் போனார்.

"கூட ஒரு பட்டை சொருகுங்க அண்ணாச்சி, நிமிர்ந்திரும்" என்றான் தெருப்பையன் ஒருவன். வண்டி நிமிரும்தான். ஆனால் ஆக்சிலுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் பலம் கூடாதே! அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் மேலே. உலையில் வைத்து வளைவு ஏற்றுவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. சூடும் ஆறவைப்பதும் தப்பினால் எஃகின் பதம் போய்விடும். இரண்டு பக்கத்துக்கும் புதுசெட்டே வாங்கினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி மறுபக்கம் சாயும்.

முந்தின ராத்திரியே யு போல்ட் நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டோம். காலையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தோம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும்; பின்பக்கம் தூக்கியபிறகு அதை நம்ப முடியாது. சேஸிஸைத் தூக்கி, கனமான மரக்கட்டைகளில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடவே கூடாது, ஒரு நிமிஷம்கூட. இன்னொரு ஜாக்கி ஆக்சிலைத் தாங்கியது. யு போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை மெல்ல இறக்கும்போது மகன் பிரேக் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அது இழுபடக் கூடாது. பிறகு பட்டையின் முன் கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் கழற்றினோம். பழைய பட்டையின் சென்டர் போல்ட்டை நாங்கள் தொடவில்லை. கிளாம்பு போடாமல் அதைக் கழற்றினால் தகடுகள் துள்ளி அடிக்கும்.

புதுப்பட்டையின் சென்டர் போல்ட் தலை, ஆக்சில் மேலுள்ள குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தேன். யு போல்ட்டும் புதுசுதான். ஒருமுறை இழுபட்டதை மறுபடி போடுவதில்லை. குறுக்கும் மறுக்குமாக இறுக்கினோம். கண் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் நின்றபிறகே முழுக்க இறுக்கினோம். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

டேப் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மறுநாள் புளியங்குடியில் மூட்டைகளை எண்ணி, எடை போட்டே ஏற்றினேன். சில நடை ஓடியபின் யு போல்ட்டுக்கு மறுபடி ஸ்பேனர் வைத்தோம். நட்டு இன்னும் கால் சுற்று வாங்கியது.