உஷார்! ‘சரியாயிட்டான்’ என்றதும் வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள்

“இப்ப நல்லாத்தான் இருக்கான். திங்கட்கிழமையிலேர்ந்து டூட்டிக்குப் போறான்.”

மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோய்க்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த பையனைப் பற்றிப் பத்தாம் நாளே வீட்டில் இப்படிப் பேச்சு வந்தால், தயவுசெய்து குறுக்கே விழுந்து தடுங்கள்.

மூன்று ராத்திரி கண் மூடாமல் பேசித் தீர்த்தவன், கடன் வாங்கி ஊருக்கெல்லாம் செலவழித்தவன், இன்று அமைதியாக உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான். மனஎழுச்சி அடங்கிவிட்டது, வாஸ்தவம். ஆனால் கவனம், ஞாபகம், எடுத்த வேலையை முடிக்கும் தெம்பு எல்லாம் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகலாம். சிலருக்கு வருடங்கள்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே உள்ள மெக்லீன் மருத்துவமனையில், முதன்முறை மனஎழுச்சியோடு சேர்ந்த 166 பேரை மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2003-ல் வந்த முடிவைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்குள் 98 சதவீதம் பேர் அந்த நோய்க்கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். வேலையிலும் குடித்தனத்திலும் பழைய நிலைக்குத் திரும்பியவர்களோ வெறும் 43 சதவீதம்! அமெரிக்காவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு 146 பேரைச் சராசரியாக 13 வருடம் வாரவாரியாகக் கணக்கெடுத்தது. கிட்டத்தட்ட பாதி வாரங்களில் ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. வெளியே சத்தமே வராது. குளிக்க எழுந்திருப்பதே மலையேறுவது மாதிரி இருக்கும்.

வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

வினை அங்கேதான் தொடங்குகிறது. முழு நேர வேலையில் தடுமாறுவான். திட்டு வாங்குவான். “இந்த மாத்திரைதான் புள்ளைய மந்தமாக்குது” என்று யாரோ ஒரு சித்தப்பா தீர்ப்பு சொல்வார். (அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். சில மருந்துகள் மந்தம் தரும். அதை டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.) வீட்டாரே மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவரலாம். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மருந்தைச் சட்டென்று நிறுத்துவது இன்னும் மோசம். சில மாதங்களுக்குள்ளேயே அடுத்த எழுச்சி வந்துவிடும் அபாயம் அதிகம். “கால்கட்டு போட்டா சரியாயிடும்” என்று நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மறைத்த வீட்டில் மாத்திரையையும் ஒளித்துத்தான் சாப்பிட வேண்டும். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை எத்தனை நாள் ஓடும்?

லித்தியம் சாப்பிடுகிறவர் வீட்டில் இன்னொரு உஷார். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ, சாப்பாட்டில் திடீரென்று உப்பைக் குறைத்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறும். மூட்டுவலிக்கு என்று மெடிக்கலில் வாங்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக்கும் ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்குக் குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வேலைக்குப் போகட்டும், ஆனால் டாக்டரிடம் கேட்டு, முடிந்தால் அரை நாளில் தொடங்கட்டும். நைட் ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். கெட்ட தூக்கமே அடுத்த எழுச்சிக்குத் திரி கொளுத்திவிடும். தூக்கம் திடீரென்று குறைந்து, அதிலும் ஆள் சோர்வில்லாமல் துள்ளினால் அன்றைக்கே டாக்டருக்கு போன் செய்யுங்கள். எழுச்சி வந்தால் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்க வேண்டும் என்பதை, அவர் தெளிவாக இருக்கும்போதே அவரையே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.