பெருங்கணினிக்குள் ஒரு பொதுமேய்ச்சல் நிலம்

கணினி மெதுவாகிவிட்டால் 'இன்னும் கொஞ்சம் நினைவகம் கொடுங்கள்' என்ற கோரிக்கையே முதலில் எழுகிறது. மேசைக் கணினிக்கு அது பெரும்பாலும் நல்ல மருந்துதான். ஆனால், ஒரே பெருங்கணினியைப் பல இயங்குதளங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அதே மருந்து நோயை முற்றச் செய்துவிடக்கூடும்.

மெயின்ஃபிரேம் எனப்படும் பெருங்கணினிகளில் இத்தகைய பகிர்வு புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972-இல் அறிவித்த விஎம்/370 மென்பொருளின் வழித்தோன்றலே இன்றைய இசட்/விஎம். அது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களைத் தோற்றுவிக்கிறது. அவற்றுள் குடியிருக்கும் ஒவ்வொரு லினக்ஸும் தனக்கெனத் தனிக் கணினி இருப்பதாக நம்பிச் செயல்படுகிறது. கோளாறைக் கண்டறிவதைக் கடினமாக்குவது இந்த நம்பிக்கைதான்.

எடுத்துக்காட்டாக, 64 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 20 விருந்தினர் இயங்குதளங்களுக்குத் தலா 8 ஜிபி ஒதுக்குவதாகக் கொள்வோம். வாக்களித்தது 160 ஜிபி, கையிருப்போ 64. வைப்புத்தொகையாளர் அனைவரும் ஒரே நாளில் வந்து பணம் கேட்கமாட்டார்கள் என்று வங்கிகள் நம்புவதைப் போன்றதுதான் இது. ஆனால், லினக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. சும்மா கிடக்கும் நினைவகத்தை வீணாக்காமல், வட்டிலிருந்து படித்த கோப்புகளை அதில் சேமித்து வைத்துக்கொள்ளும். தனித்து நோக்கினால் இது சிக்கனம். இருபதும் ஒருசேர இப்படிச் செய்தால், இசட்/விஎம் நினைவகப் பக்கங்களை வட்டுக்கு அனுப்புவதும் மீட்பதுமாகவே திணறும். விருந்தினர் ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்ப முற்படும்போது, அதை இசட்/விஎம் ஏற்கெனவே வெளியேற்றியிருந்தால், மறுபடியும் வெளியேற்றுவதற்காகவே அதை உள்ளே கொண்டுவர வேண்டிய விந்தையும் நேரும்.

பொதுமேய்ச்சல் நிலத்தின் அவலம் பற்றிய காரெட் ஹார்டினின் புகழ்பெற்ற கட்டுரை 1968 டிசம்பரில் வெளிவந்தது. நினைவக நெருக்கடியில் கணினி உருப்படியான வேலை எதுவும் செய்யாமல் திணறுவது ஏன் என்று பீட்டர் டென்னிங் விளக்கியதும் அதே மாதத்தில்தான். பொருளியல் மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

நோயை எங்கிருந்து பார்ப்பது? லினக்ஸுக்குள் 'டாப்' கட்டளை தரும் பட்டியலில் 'எஸ்டி' என்றொரு எண் உண்டு. விருந்தினர் வேலைக்கு ஆயத்தமாக இருந்தும் செயலி கிடைக்காமல் காத்திருந்த நேரம் அது. அது உயர்ந்திருந்தால் காத்திருப்பு உண்மை; காரணம் மட்டும் அங்கே தெரியாது. இசட்/விஎம்-இன் 'இண்டிகேட்' கட்டளையையும் கண்காணிப்புப் பதிவுகளையும், அதே நேரத்துக்குரியனவாக எடுத்து ஒப்பிட வேண்டும். இசட்/விஎம்-ம் கணினியின் ஒரு பகுதிக்குள்தான் இயங்குகிறது என்றால், அந்தப் பகுதிக்குரிய பங்கையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் குழாயை மட்டும் சோதித்துவிட்டு ஏரி வற்றிவிட்டது என்று முடிவுகட்ட இயலுமா?

சோம்பியிருக்கும் விருந்தினரும் சுமையாகலாம். தொடக்ககால லினக்ஸ், கடிகாரத்தைக் கணக்கிட நொடிக்கு 100 முறை விழித்தெழும். வேலையற்ற 100 விருந்தினர் இருந்தால், நொடிக்கு 10,000 விழிப்புகள்! அவர்கள் ஓய்விலிருப்பதே இசட்/விஎம்-க்குத் தெரியாமற்போனதால், அவர்களின் நினைவகத்தைத் துணிந்து மீட்கவும் முடியவில்லை. தேவைப்படும்போது மட்டும் விழிக்குமாறு பின்னர் லினக்ஸ் திருத்தப்பட்டது.

ஆகவே, தீர்வு பல நேரங்களில் கூட்டலில் இல்லை, கழித்தலில் இருக்கிறது. விருந்தினரின் நினைவகத்தை, அது இலேசாக நெருக்கடியை உணரும் அளவுவரை படிப்படியாகக் குறைக்கலாம். தேவைக்கு மிஞ்சிய மெய்நிகர்ச் செயலிகளை அகற்றலாம். எந்தத் துறைத் தலைவரும் இதற்கு எளிதில் இசையமாட்டார். ஒதுக்கீட்டுக்கு விலையில்லாதபோது மிகுதியாகக் கேட்பதே அவருக்கு இலாபம். ஆனால், பல மென்பொருள்களின் உரிமக் கட்டணம் செயலிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தேவையின்றிச் சேர்க்கும் ஒரு செயலிக்கு நிறுவனம் ஆண்டுதோறும் பணம் கட்டியாக வேண்டும். பயன்பாட்டுக்கேற்பத் துறைகளிடமே கட்டணம் பெறத் தொடங்கினால், கோரிக்கைகள் தாமாகவே சுருங்கும். அதற்கும் அளவீடு வேண்டும். குறிப்பாக, கணினி நன்றாக இயங்கிய நாள்களின் பதிவுகள் வேண்டும். புகார் வந்த பிறகே கண்காணிப்பைத் தொடங்கும் அலுவலகத்தில், ஒப்பிடுவதற்கு அவை இருப்பதில்லை.